மூன்று விதையும் ஓர் ஓட்டையும்

புல்வெட்டும் வண்டியை அணைக்காமலே
கௌப்போ கேட்டான்:
"இன்னும் எவ்வளவு நேரம்?"
நான் மண்டியிட்டிருந்தேன்.
முழங்காலில் சுண்ணாம்புக்கல் குத்த,
பல்லிடுக்கில் பென்சில்.
மூஹு தீவு, ஜூலை கடைசி வாரம்.
தாருக்கும் வேலிக்கும் நடுவே
நாலு முழ அகலம்.
எனக்கு ஒதுக்கப்பட்ட காடு அவ்வளவுதான்.

"எல்லாம் எலிப்பயறுதானே" என்றான்.
உண்மைதான். எங்கள் மொழியில்
இந்தக் கூட்டம் முழுவதையும்
எலிகளின் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார்கள்.
பக்கத்து வீட்டில் இருப்பது பன்றிப்பயறு.
இரண்டையும் பிரிக்க
ஒரு பூவைக் கிழித்து
சூல்தண்டை வெளியே இழுத்து
லென்ஸுக்குக் கீழே பிடிக்க வேண்டும்.
பல்துலக்கி போல
மேற்புறம் மட்டும் ரோமம் என்றால் பன்றி.
சுற்றிலுமோ மோவாய்க்கு அடியிலோ
தாடி வைத்திருந்தால் எலி.
முகத்தைப் பார்த்து யாரையும் நம்பாதே
என்று இதற்கு அர்த்தமில்லை.
தாடியைப் பார் என்று மட்டும்தான் அர்த்தம்.

வேலியோரத்துக்காரியை எறும்பு காட்டிக்கொடுத்துவிடும்.
இலையடிச் செதிலில் ஒரு கரும்புள்ளி,
அதில் ஊசிமுனை இனிப்பு.
பூ இல்லாத நாளிலும் வாசலில் ஆள் நிற்கும்.
பூத்தாலும் நான்கோ ஐந்தோ,
பிழியாமல் காயப்போட்ட சட்டையின் ஊதா.

கம்பியில் ஏறிய நீலக்காரி வேறு.
முப்பது பூவும் ஒரே பக்கம் திரும்பி
பேருந்து வருகிறதா என்று பார்க்கும்.
அவள்தான் என்று உடனே எழுதிவிடக் கூடாது.
தீவனத்துக்கு விதைத்த வயலிலிருந்து
ஓடிவந்தவளும் அதே சேலைதான் கட்டுவாள்.
புல்லிப்பை காம்புக்குப் பின்னால்
புடைத்துத் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.
மூன்று வருடம் முன்பு பார்க்காமல் எழுதினேன்.
டார்ட்டுவிலிருந்து ஒரு வரிக் கடிதம்:
"பின்பக்கம் பார்த்தீர்களா?"

இன்று அவர்களால் தொல்லையில்லை.
புல்லுக்குள் ஒரு நூல்.
நூலில் நொய்யரிசி அளவு பூ.
இரண்டு பெயரில் ஒன்று.
நெற்றில் ரோமமும் உள்ளே இரண்டு விதையும் என்றால்
எங்கும் கிடைப்பது, கௌப்போ வெட்டிக்கொள்ளலாம்.
வழவழவென்று நான்கு என்றால்
இந்தச் சாலையில் பதினோரு வருடமாக
யாரும் பார்க்காதது.
குச்சி நட வேண்டும். கத்தி ஆகஸ்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

முற்றிய நெற்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது.
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன்.
ரோமம் இல்லை.
எண்ணினேன். மூன்று.
மறுபடி எண்ணினேன்.
மறுபடியும் மூன்று என்பதில் ஒரு திமிர் இருந்தது.

கௌப்போ இறங்கி வந்தான்.
கையில் டீசல் நாற்றம், கட்டைவிரலில் பழைய பிளாஸ்திரி.
"மூன்று என்று ஒரு சாதி கிடையாதா?"
"புத்தகத்தில் பொடியெழுத்தில் இருக்கும்,
சில நேரம் மூன்று, சில நேரம் ஐந்து என்று.
பொடியெழுத்தை நம்பி
ஒரு சாலையை நிறுத்த முடியாது."
"கொடு இப்படி."
நகத்தால் பிளந்தான்.
முத்து முத்தாய் மூன்று.
கடைசி அறையில் பொடி,
விதையின் வெறும் ஓடு,
நெற்றின் சுவரில் வட்டமாய் ஓர் ஓட்டை.
"உள்ளே இருந்தவன் தின்றுவிட்டு
கதவைச் சாத்தாமல் போயிருக்கிறான்" என்றான்.

வண்டு.
பதினோரு வருடத்தில்
எனக்கு முன்னால் வந்த ஒரே ஆய்வாளன்.

கட்டத்தில் நான்கு என்று எழுதினேன்.
குறிப்பில்: ஒன்று உண்ணப்பட்டது.
கௌப்போ கத்தியை உயர்த்தி
ஒரு படகு நீளத்தை விட்டுவிட்டு
சுற்றிப் போனான்.
கடல் பக்கத்திலிருந்து மழை வந்தது.
குச்சிகளுக்கு நாடா கட்ட மறந்து
மறுநாள் திரும்பிப் போனது தனிக்கதை.

எட்டு நாள் கழித்துத் தொலைபேசி.
பெயர் சொல்லவில்லை, வணக்கம் இல்லை.
பின்னால் வண்டி உறுமுகிறது.
"இங்கே ஒன்றில் ஐந்து இருக்கிறது.
இப்போது என்ன செய்ய?"
"நெற்றில் ரோமம் உண்டா?"
பதில் வர நேரமாயிற்று.
பிறகு
இன்ஜினை அணைக்கும் சத்தம்.