புள்ளி வைத்த இடமெல்லாம்

பாமினி பழகிய விரல்கள்,
நான் திரையைப் பார்ப்பதில்லை.
டொக்யார்ட் வீதிக் கடையில்
உப்புவெளி யோகமலர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
அம்மாவின் பெயரில் உள்ள மின்மானி,
ஆளில்லாத வீடு,
மூன்று மாதத்துக்குப் பதினோராயிரத்து நானூறு ரூபாய்.

பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று
பார்க்காமலே பிரிண்ட் கொடுத்தேன்.

வந்தது முழுக்கச் சிங்கள எழுத்து.
சிங்களமும் இல்லை.
காலையில் சீனன்குடாப் பெடியன் ஒருவன்
லீவுக் கடிதம் அடித்துவிட்டு
மாற்றாமல் போயிருக்கிறான்.
நான் புள்ளி வைத்த இடமெல்லாம்
ஒரு ‘த’ குந்தியிருந்தது.

யோகமலருக்குச் சிங்களம் வாசிக்க வரும்.
தாளை வாங்கி
எழுத்துக்கூட்டினாள்:
ப... ன... த... ன... ய...
“இதென்ன தம்பி?”
“அம்மா” என்றேன்.

சிரித்தாள்.
பிறகும் கொஞ்சம் சிரித்தாள்.
“இருந்திருந்தா
இந்தப் பேருக்கும் ஓமெண்டிருப்பா.”

கசக்கி வாசலில் போட்டதை
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
மணந்து பார்த்துத்
தின்னத் தொடங்கிற்று.

இரண்டு விசைகளைச் சேர்த்து அமத்தினேன்.
மணி பத்துக்கு நாலு நிமிடம்.
“சொல்லுங்கோ அக்கா.”

அவள் மானைப் பார்த்தபடியே
திரும்பவும்
அம்மாவிலிருந்து தொடங்கினாள்.