பாலாற்றுக்கு நீலம் பூசியவர்கள்

தியோடர்,
விசாகப்பட்டினத்திலிருந்து நீ அனுப்பும் வரைபடங்களில்
பாதி கடல்.
இடக்கைப் பக்கம் அலை, வலக்கைப் பக்கம் குன்று,
ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், எதிர்க்காற்று
என்று ஒரே வரி.
கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

இங்கே நாலே முக்காலுக்குக் கிளம்பினால்தான் உண்டு.
நேற்றைய வெயிலை இரவெல்லாம் பிடித்துவைத்து
ஏழரைக்கு மேல் வட்டியோடு திருப்பித் தரும்
மொட்டைப் பாறைகள் நம் மலைகள்.
நீ மறந்திருக்க மாட்டாய்.

தொரப்பாடி, அரியூர், ஊசூர்.
அணைக்கட்டுச் சாலையில்
முள்ளுக் கத்திரி மூட்டைமேல் உட்கார்ந்து போகிறவர்
ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார்:
"இன்னும் வண்டி வாங்கலையாம்மா?"
முபீனாவுக்குச் சிரிப்பு வந்து பெடல் நழுவும்.
ஒடுகத்தூரில் ஆளுக்கு இரண்டு இட்லி.
பிறகு பீஞ்சமந்தை ஏற்றம்.
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
முதல் வளைவில் கியர் தீரும்.
மூன்றாவதில் பேச்சு தீரும்.
அப்புறம் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால்
இருக்கிற தார் மட்டும்தான் உலகம்:
நசுங்கிய நெல்லிக்காய், ஒற்றைச் செருப்பு,
யாரோ சுண்ணாம்பில் எழுதிய கிலோமீட்டர்,
அதுவும் தப்பாக.

இறங்கும்போது முபீனா கத்துவாள்.
என்னவென்று இதுவரை எனக்குக் கேட்டதில்லை.

நீ கேட்டாயே, தண்ணீரோரமாய் ஒரு வழியும் இல்லையா என்று.
செயலியில் இருக்கிறது.
பாலாற்றுக்கு நீலம் பூசியிருக்கிறார்கள்,
எங்கோ உட்கார்ந்து யாரோ.
அவர்கள்மேல் கோபமில்லை.
காட்பாடியிலிருந்து தினமும் அந்த நீலத்தைக் கடந்துதான்
டயாலிசிஸ் வார்டுக்குப் போகிறேன்.
கீழே சீமைக்கருவேலம், மணல், ஆடுகள்,
பையன்கள் நட்ட மூன்று குச்சி.
நாளெல்லாம் பிறர் உடம்பின் நீரை இறக்கி
மில்லி லிட்டரில் குறித்துவைக்கிறவளுக்கு
பாலத்தின் மேல் மட்டும்
குறிக்க எதுவும் இருந்ததில்லை.

அந்த நவம்பர் வரை.

மழை விட்ட காலை, வடகரைச் சாலையில் மேற்கே திரும்பினேன்.
முதலில் சத்தம்.
லாரி என்று நினைத்து ஒதுங்கினேன், லாரி வரவில்லை.
தென்னை இடைவெளியில் பழுப்பாய் ஏதோ ஓடியது,
ஊரே எழுந்து நடப்பது போல.
ஒரு வைக்கோல் போர் அப்படியே, கலையாமல்,
கிழக்கே போனது.
அதன்மேல் ஒரு கொக்கு.

தரைப்பாலத்துக்கு முன்னால் தடுப்பு.
"எங்கம்மா போகணும்?"
"எங்கயும் இல்ல சார்."
அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.
அதற்குள் கூட்டம். தோளில் பிள்ளைகள்,
உயர்த்திய கைகளில் போன்கள்,
எங்கிருந்தோ ஒரு மிளகாய் பஜ்ஜி வண்டி.
அக்கரைக்குப் போகவேண்டிய பால்காரர் மட்டும்
கேனைத் திறந்து பார்த்து மூடினார்,
திரும்பவும் திறந்தார்.

உனக்கு எழுதினேன்:
இடக்கைப் பக்கம் தண்ணீர், வலக்கைப் பக்கம் குன்று,
பதினாலு கிலோமீட்டர், மேலே வழியில்லை.
பொம்மை போடவில்லை.
பால்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு
எப்படிப் போடுவது.

வீடு வந்து, சேறு காய்வதற்குள்
சங்கிலியைக் கழுவலாம் என்று
குழாயைத் திறந்தேன்.
காற்று மட்டும் இருமியது.
ஆற்றுக்குள் இருந்த மோட்டார் அறை முழுகிவிட்டதாம்,
நாலு நாளாகும் என்றார் கீழ்வீட்டு நாகபூஷணி
தெருமுனை வரிசையில்
எனக்கும் சேர்த்து ஒரு குடம் வைத்துவிட்டு.