நாற்பத்திரண்டு வரி

இரவு ஒன்பதே முக்காலுக்குத் திரை சொன்னது:
உரிமம் காலாவதி.
மேடைமேல் ஒரு லாரி, நெல்லோடு.
அதன் பின்னால் பதினோரு லாரிகள்
அறந்தாங்கி சாலையில் விளக்கணைத்து நின்றன.
புதுவயல் முழுக்க உமிச்சாம்பல்
பெய்துகொண்டிருந்தது, வழக்கம்போல.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று
நாகஸ்வரம் வாசித்தார்கள்.
முப்பத்தெட்டாயிரம், வரி தனி. திங்கட்கிழமை பாருங்கள்.

இரும்புக்கு எதுவும் காலாவதியாகவில்லை.
பாரம் ஏறினால் மயிரிழை வளைகிறது,
வளைவு எண்ணாகிக் கம்பிவழி வந்துவிடுகிறது.
வந்த எண்ணை வாசலில் மறித்து
யாரைக் கேட்டு வந்தாய் என்கிறது
நான் திறந்து பார்க்கக் கூடாத ஒரு நிரல்.
கண்டனூரில் ஒரு வீடு இருக்கிறது,
பதினேழு பங்காளி, பதினேழு சாவி.
அங்கேகூட எந்தச் சாவி யார் மடியில் என்று
ஊருக்கே தெரியும்.

பையில் மடிக்கணினி இருந்தது. பிளஸ் டூவில் அரசு கொடுத்தது.
மூடியில் ஒரு தலைவர் முகம்;
அண்ணன் கட்சி மாறியபோது பிளேடால் சுரண்டினான்,
ஒரு காது மட்டும் இன்னும் போகவில்லை.
இலவசம் என்று சொல்லக்கூடாதாம், விலையில்லா என்று சொல்லணுமாம்.
சரி, விலையில்லை.
உயிர்ப்பித்தால் இரண்டு வாசல் காட்டும்.
முதலாவதில் வகுப்பே நுழைந்தது.
இரண்டாவதைத் தொட்டால் வைரஸ் வரும் என்றார் கம்ப்யூட்டர் சார்.
அதன் பெயர் கட்டற்ற மென்பொருள்.
எங்கள் பக்கம் கட்டற்றது என்றால்
பயிரில் விழுந்த மாடு.

கொடுக்கிற கைக்கு ஒரு புகைப்படம் வேண்டும்.
இந்த மாட்டை அவிழ்த்துவிட்டவர்கள் பெயரோ
ஏதோ ஒரு கோப்பின் அடியில் கிடக்கிறது.
ஒருத்தரும் இதுவரை ஓட்டுக் கேட்டு வரவில்லை.

"தாயி, விடிஞ்சிருமா?" என்றார் டிரைவர் ஜபருல்லா.
பன்னிரண்டரைக்கு எண் வந்தது.
நாற்பத்திரண்டு வரி எழுதியிருந்தேன்,
பாதி கெஞ்சல், பாதி கெட்ட வார்த்தை.

திங்களன்று முதலாளி பணம் கட்டினார்.
என் கம்பியை நான் பிடுங்கவில்லை.
அதே லாரி, இரண்டு திரை:
என்னுடையதில் 18,640.
உரிமம் பெற்றதில் 18,600.
அடுத்த லாரிக்கும் நாற்பது. அதற்கடுத்ததற்கும்.
காலி லாரிக்கு மட்டும்
இரண்டும் அச்சாக ஒன்று.

முதலாளி தெய்வராயன் சத்தம் போடவில்லை, டீ சொன்னார்.
"கம்பெனிக்காரன் வச்சதும்மா, எனக்கே தெரியாது."
கம்பெனிக்காரனைக் கேட்டேன்,
தலைமையகத்துக்குத்தான் தெரியும் என்றான்.
பூட்டிய நிரலில் இதுதான் சௌகரியம்,
எல்லோருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

விஷயம் கேட்டு இரண்டு கொடி வந்தது.
ஒருவருக்கு இது டெல்லியின் சதி,
இன்னொருவருக்குப் போன ஆட்சியின் ஊழல்.
இந்தாங்க, நாற்பத்திரண்டு வரிதான், படிங்க என்றேன்.
மேடைமேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்தார்கள்.
(ஆள் எடை 310. கழிவில்லாமல்.)

வேறு எந்த இயந்திரத்தைப் பற்றியும்
நான் எதுவும் சொல்லவில்லை.
நீங்களாக நினைத்துக்கொண்டால்
அது உங்கள் மூளை, உங்கள் உரிமம்.

ரசீதுத் தாளிலேயே அச்சடித்துக்
கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டினேன்.
யார் வாசிக்கப்போகிறார்கள்?
நாலு நாள் சாம்பல்தான் வாசித்தது.

ஐந்தாம் நாள் காலை வரி முப்பத்தொன்றின் கீழே
நீலப் பேனாவில் கோடு.
ஜபருல்லாவின் கிளீனர், பாலிடெக்னிக்கில் மூன்று அரியர்:
"அக்கா, இங்க கடைசி இலக்கத்த முழுங்குது.
உங்க கணக்குலயும் அஞ்சு கிலோ போகுது."

மூன்று தடவை சரிபார்த்தேன், அவன் தப்பாக இருக்கட்டும் என்று.
எரிச்சலாக வந்தது.
திருத்தினேன்.