பாம்புச்செவி

கோஸ்போர்ட்டில், ஸ்டோக் சாலையில்,
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடியில் என் அறை.
காது பார்க்கிறேன்.
வருகிறவர்களில் பாதிப்பேர் கடற்படையில் இருந்தவர்கள்.
எஞ்சின் தின்ற காதுகள், பீரங்கி தின்ற காதுகள்.
மனைவி பேசுவது மட்டும் கேட்காத காதுகளும் உண்டு;
அதற்கு என்னிடம் கருவி இல்லை.

செவ்வாய்க்கிழமை, மழை.
படகுத்துறையிலிருந்து நனைந்தே வந்த இருவர்
ஒரே பெஞ்சில், நடுவே ஒரு குடை ஒழுக.
டெஸ்மண்ட் பாஸ்கோ: நீர்மூழ்கியில் சமையற்கட்டு.
ஆல்வின் ட்ரெஹார்ன்: நீர்மூழ்கி தேடும் கப்பலில் சோனார்.
எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று
கேட்டுக்கொண்டே போனவர்கள்
அறுபத்தெட்டு நவம்பரில், ஸ்காட்லாந்துக்கு மேற்கே,
ஒரே தண்ணீரில் போய் முட்டிக்கொண்டார்கள்.

"நீங்களா அது?"
"நீங்களா?"

ஒத்திகைப் போர்தான். யாரும் சாகவில்லை.
பாஸ்கோ சொன்னார்:
மின்விசிறியை நிறுத்தியாயிற்று. கக்கூசில் தண்ணீர் விடக் கூடாது.
பூட்ஸைக் கழற்றிவிட்டு எழுபது பேர்
டீசலும் முட்டைக்கோசும் நாறிய காற்றைச்
சிக்கனமாய் மூச்சு விட்டோம்.
மேலே உங்கள் சுழலி போய்க்கொண்டிருந்தது,
மச்சில் யாரோ தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி.
குண்டூசி விழுந்தால் கேட்கும் என்பார்களே,
என் கையிலிருந்து விழுந்தது சூப்புக் கரண்டி.

இரும்புத் தரையில் மூன்று துள்ளல்.
ஒவ்வொன்றுக்கும் எழுபது தலை திரும்பியது.
கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் சின்ன வெடி,
ஒன்று, இரண்டு, மூன்று.
நீங்கள் செத்தாயிற்று, மேலே வரலாம் என்று அர்த்தம்.
கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை.
மற்றவர்கள் பெயர் வைத்தார்கள். கரண்டி.
கல்யாண வாழ்த்து அட்டையிலும் கரண்டி.
போன மாதம் ஒருத்தன் சாவுக்குப் போனேன்,
அவன் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு,
'நீங்கள்தானே கரண்டி?'

சிரித்தார். நான் கொடுத்த டீயைக் கலக்கினார்,
ஸ்பூன் பீங்கானில் படாமல்.

ட்ரெஹார்ன் ஜன்னலில் மழையைப் பார்த்தார்.
"கரண்டியா? எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே.
ஹெலிகாப்டர்காரன் குருட்டாம்போக்கில் சொன்ன இடம்.
போட்டோம். நீங்கள் இருந்தீர்கள்."

"ஒன்றுமேவா?"
"ஒன்றுமே."
ஐம்பத்தைந்து வருஷம் என்று பாஸ்கோ சொல்லவில்லை.
கணக்குப் போடுவதுபோல் உதடு மட்டும் அசைந்தது.

சோதனை அறைக் கதவு கனமானது, ஐஸ்பெட்டிக் கதவு.
ட்ரெஹார்னுக்கு ஹெட்போன் மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்து,
கேட்டால் அழுத்துங்கள், எவ்வளவு மெல்லிசானாலும், என்றேன்.
கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"கேட்டதம்மா. கணீரென்று கேட்டது.
தொள்ளாயிரம் கெஜம். மூன்று துள்ளல்.
மூன்றாவதை யாரோ காலால் மிதித்து நிறுத்தினார்கள்,
அதுவும் கேட்டது.
அன்றிரவு எனக்குக் கூடுதலாய் ஒரு மடக்கு ரம்.
நல்ல ரம்."

எங்கள் மொழியில் இதற்குப் பாம்புச்செவி என்று பெயர்.
அவரிடம் சொல்லவில்லை.
மொழிபெயர்த்தால் பாம்பு மட்டும்தான் போய்ச் சேரும்.

ஐந்நூறு ஹெர்ட்ஸ், அழுத்தினார்.
ஆயிரம், அழுத்தினார்.
நாலாயிரத்தில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன்.
கண்ணை மூடி, தலையைச் சாய்த்து,
அடியில் ஏதோ நகரட்டும் என்று காத்திருக்கிற முகம்.
இல்லை.
நான் நிறுத்திய பிறகு, சத்தமே இல்லாத இடத்தில்,
ஒருமுறை அழுத்தினார்.
அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் கிடையாது.

போட்டுப் பார்க்க ஒரு ஜோடிக் கருவியைக்
காதில் வைத்து வெளியே கூட்டிவந்தேன்.
பாஸ்கோ இரண்டாவது டீயில் இருந்தார்.
கலக்கி முடித்து, ஸ்பூனைக் கோப்பை விளிம்பில் தட்டினார்,
வரவேற்பு மேசைப் பெண் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு,
டிங், டிங், டிங்.

குடையைத் தேடிக் குனிந்த ட்ரெஹார்ன் திரும்பவில்லை.
வலதுகைக் கட்டைவிரல் மட்டும்
காற்றை மூன்று முறை அழுத்தியது.