முன் இருக்கை

ஆறு கடலில் விழுகிற இடத்தில்,
இரயுமன்துறைக் கரையில்,
ஒரு விமானம் நிற்கிறது.
பறக்காது. பறக்கவென்று செய்ததில்லை.
டீசல் டாங்கின் தகடு,
மணல்திட்டில் மோதிய விசைப்படகின் புரொப்பல்லர்,
இறக்கைக்கு ஐஸ் கம்பெனி கழித்துப் போட்ட எவர்சில்வர்.
அதற்குச் சீட்டு எழுதியது நான்தான்,
எழுபத்தெட்டு கிலோ,
பழைய இரும்பு விலையில்.

வெல்டர் பெலார்மினின் வேலை.
சரக்குக் கப்பலில் இருந்தபோது
லிஸ்பனில் பதினோரு நாள் பழுதுக்குக் கிடந்தார்களாம்.
ஞாயிறு பூசை முடிந்து ஆற்றோரம் நடந்தவன் கண்டான்:
எஃகு விமானம், உள்ளே இரண்டு பேர்.
நூறு வருஷம் முன்பு அந்த ஆற்றிலிருந்து கிளம்பி
அட்லாண்டிக்கைத் தாண்டியவர்கள்.
முதல் விமானம் நடுக்கடல் பாறையருகே உடைந்தது.
இரண்டாவது கடலில் இறங்கி மிதந்தது.
மூன்றாவதில் போய்ச் சேர்ந்தார்கள்.

“மூணு வள்ளம் மாத்தி ஒரு கடல் கடந்தவன்
நம்ம ஆளுதாம்லேய்” என்றான்
அன்பியக் கூட்டத்தில்.
சிரித்தார்கள்.
பறங்கி நமக்கு என்ன தந்தான்,
ஞானஸ்நானமும் வரியும்தானே என்றார் உபதேசியார்.
பேரும் தந்தான் என்றது பின்வரிசை.
மூன்று பெர்னாண்டசுகள்
குனிந்து டீயை ஊதினார்கள்.
கல்வெட்டு வேண்டாம் என்று முடிவானது.
விமானம் மட்டும் வந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து இன்றுதான் போனேன்.
ஏனென்று கேட்டால்
லீவு கிடைக்கவில்லை என்பேன்.

இறக்கையில் யாரோ காயப்போட்ட நெத்திலி.
வாலில் ஆணியால் கீறிய போன் நம்பர்,
ஒன்பது இலக்கம்தான்.
பின் இருக்கையில் ஒருவன், சிமெண்டில்,
மூக்கு பெலார்மினுடையது.
கையில் சைக்கிள் பல்சக்கரத்தை அறுத்துச் செய்த
கோணமானி.
கடலைப் பார்க்காமல்
கரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறான்.
அளவு தப்பிப்போச்சு என்று ஊரில் பேச்சு.

முன் இருக்கையில் ஆளில்லை.
ஓட்டிப் போனவன் இரண்டு வருஷத்தில்
வேறொரு கடலின்மேல் பறந்து காணாமல் போனானாம்.
உடல் கிடைக்கவில்லை.
இதை பெலார்மின் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்,
என்னிடம் தவிர.

அந்த நவம்பருக்குப் பிறகு
உடல் இல்லாமல் சான்றிதழுக்கு
ஏழு வருஷம் ஆகும் என்றார்கள்.
பிறகு மனமிரங்கிச் சில மாதத்தில் தந்தார்கள்.
எனக்கு அவ்வளவு அவசரம்
இருக்கவில்லை.

ஏறி உட்கார்ந்தேன்.
தகடு சுட்டது.
“அக்கா, டிக்கெட் எடுத்தாச்சா?”
பாறைக்கட்டில் தூண்டில் போடும் பையன்கள்.
நான் திரும்பினேன், அவர்களைப் பார்க்க அல்ல,
சிமெண்ட்காரன் தோளுக்கு மேலாக,
அவன் எதைப் பார்க்கிறான் என்று.

குருசடிக் கோபுரம்.
அதன் நேர் பின்னே மலையில் அந்தப் பள்ளம்.
சிலுவை பள்ளத்தில் ஏறி நிற்கிறது,
ஊசியில் நூல்போல.

கணியம்.

ஆழ்கடலுக்குப் போகுமுன்னே
கட்டுமரக் காலத்தில் கிளீட்டஸ் கண்டுபிடித்த பார்.
அண்ணன் தம்பிக்கும் சொல்லாதது.
ஒரு ராத்திரி காய்ச்சலில் உளறினான்:
குருசு பள்ளத்தில் ஏறணும்,
ஏறுற வரைக்கும் தண்டு வலி.
எனக்கு மட்டும் தெரியும் என்றிருந்தேன்.

அப்படியானால் இந்த மூக்கு நீட்டியிருக்கிற திசையில்,
புரொப்பல்லரின் நெளிந்த இலைக்கு நேரே,
நீருக்கடியில் அது இருக்கிறது, இப்போதும்,
மீனோடு.

பெலார்மினிடம் கேட்கலாம்.
கேட்டால் அவன் வேறு பக்கம் பார்த்து
பீடி தேடுவான்.

“மோளே, இறங்கு.
மழை வருது, மீனை அள்ளணும்.”
குட்டையும் துடைப்பமுமாக நெத்திலிக்காரி.
இறங்கி இடது இறக்கையை நான் எடுத்துக்கொண்டேன்.
இரண்டு கையாலும் அள்ளினோம்.
பாதி காய்ந்திருந்தது.
முதல் துளி தகட்டில் விழுந்தபோது
டங்கென்று ஒரு சத்தம்,
பையன்கள் மேலே பார்த்தார்கள்.