மேலே காற்று, கீழே ஊட்டநீர்

பதிவேட்டில் இவ்வளவுதான்:
ஆண், அறுபத்தொன்று, புகைக்காதவர்,
இறந்தபின் கொடை, இடது மூச்சுக்கிளை.
பெயருக்கான கட்டத்தில் ஓர் எண்.

கிரோனிங்கனில் நவம்பர்.
படகுக்காகப் பாலம் தூக்கியிருந்ததில் எட்டு நிமிடம் தாமதம்.
சைக்கிள் கையுறையைக் கழற்றி
ஆய்வகக் கையுறையை மாட்டுகிறேன்.
"இன்றைக்கா இவர்களுக்குக் காற்று?" என்கிறான் யோரிட்.
இன்றைக்குத்தான்.

மேலே நின்ற நீரை உறிஞ்சி எடுக்கிறேன்.
சல்லடைச் சவ்வின்மீது நெருக்கியடித்துக்கொண்டு
அடித்தளச் செல்கள் முதுகு காய்கின்றன.
இன்னும் எதுவும் ஆகாதவை.
எதுவாகவும் ஆகும் என்று சொல்லமாட்டேன்,
மூச்சுக்குழாய்க்குள் உள்ள நாலைந்து வேலைகள்தான் அவற்றுக்கு.

யாருக்கு எந்த வேலை என்று தண்டோரா போடுவதில்லை.
கீழிருக்கும் ஊட்டநீர் பொதுவாக ஏதோ சொல்லும்;
முடிவாவது அக்கம்பக்கத்தில்.
ஒரு செல் தோளை நீட்டித் தொட
அடுத்த செல்லின் வாசலில் நிற்கும் நாட்ச் புரதம் அறுபடும்.
அறுந்த துண்டு உட்கருவுக்குள் போய்
காதும் காதும் வைத்தாற்போல் சொல்லும்:
நீ சளி சுர. துடைப்பது பக்கத்து வீடு.

தொட்டால்தான் கேட்கும்.
ஒரு செல் தள்ளி இருப்பதற்குக் கேட்காது.

போன மாதம்
அந்தப் பேச்சை நிறுத்தும் மருந்தை ஒரு தட்டில் விட்டேன்.
யாரும் யாரையும் தடுக்கவில்லை.
பெரும்பாலானவை குறுயிழை முளைத்துத்
துடுப்புப் போட்டன, போட்டன,
வழித்தெடுக்கச் சொட்டுச் சளியில்லை.
ஊரெல்லாம் துடைப்பம், குப்பைக்குத்தான் பஞ்சம்.
யோரிட் சிரித்தான். எனக்கு வரவில்லை.

இன்னொரு தட்டில்
ஒவ்வாமைக்காரர் உடம்பு அனுப்பும் சமிக்ஞையைக் கலந்தோம்.
அதன் முடிவு
என் சட்டைப்பையிலிருக்கும் நீல இன்ஹேலருக்குத் தெரியும்.
பதினொரு வயதில், உறைந்த கால்வாயில்,
சறுக்குக்காலணியோடு மண்டியிட்டு
நானே அந்தத் தட்டாக இருந்திருக்கிறேன்.

இருபத்தோராம் நாள்
நுண்ணோக்கியைத் திருகத் திருக
மங்கல் விலகி
அடிக்கின்றன.
பெயர் தெரியாத அந்த மனிதரின் செல்கள்
அவர் இருந்தபோது இல்லாத இழைகளால்
நொடிக்குப் பத்துத் தடவை.

தூசி ஒன்று கிடைத்திருக்கிறது அவற்றுக்கு,
என் ஸ்வெட்டர் நூலாகவும் இருக்கலாம்.
கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகின்றன.
மேலே சேர்க்க இங்கே தொண்டை இல்லை.
தட்டின் ஓரம்வரை போய், திரும்பி,
மறுபடி ஓரம்வரை,
சளி ஒரு சின்னச் சூறாவளியாகச் சுழல்கிறது.

ஊட்டநீர் மாற்ற நேரமாகிவிட்டது.
"வீட்ஸ்கே, என்ன?" என்கிறான் யோரிட்.
ஒன்றுமில்லை.
செருமியிருக்கிறேன் போல.