அழுத்துவதற்கு முன்

பொத்தான் இன்னும் பெரிதாக வேண்டும் என்று
முதல் நாளே எழுதிக்கொண்டேன்.
திருக்கடலூர்க் கரை, காலை ஆறரை.
செபமாலை அண்ணை ஈர விரலால்
ஐந்து தரம் அழுத்தினார்.
திரைக்கு விளங்கவில்லை.
அவரை மழை என்று நினைத்திருக்கும்.

சங்கத்துக்காக நான் எழுதும் செயலி:
மீனைத் தராசில் வை, படம் எடு, அனுப்பு.
என் அறையில், மின்விசிறிக்குக் கீழே,
உலர்ந்த விரலுக்கு
அது ஒரு பிழையும் விடவில்லை.

வட்டத்தைப் பெருப்பித்தேன்.
மூலையிலிருந்து நடுவுக்கு இறக்கினேன்.
சத்தம் கூட்டும் பக்கவாட்டு விசையும்
இனிப் படமெடுக்கும்.
வீடியோவுக்கு விரலை வைத்திருக்கத் தேவையில்லை,
மேலே ஒருக்கால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும்;
மற்றக் கை பாரையின் செவுளுக்குள் இருக்கிறதே.

ஆனாலும் வந்தது தராசு மட்டும்தான்.
மீன் துள்ளி விழுந்த பிறகு
முள் பூச்சியத்துக்குத் திரும்பும் நடுக்கம்.
விரலுக்கும் படத்துக்கும் இடையில்
எண்ணூறு மில்லி செக்கன்.
அதற்குள் ஒரு காகம்
சூடை ஒன்றைக் கவ்விக்கொண்டு
ஐஸ் பெட்டியைக் கடந்துவிடுகிறது.

மூன்று இரவு.
பஸ் நிலையப் பக்கத்து மான்கள்
என் யன்னலுக்குக் கீழே வந்து
வாழைப்பழத் தோல் மென்றன.
கமரா திறந்த உடனேயே
காட்சிகளைச் சேர்க்கத் தொடங்கு என்றேன்.
அழுத்தும்போது,
அழுத்துவதற்கு முந்திய செக்கனிலிருந்து
எடுத்துக் கொடு.

மறுநாள் அறக்குளா
காற்றில் வளைந்தபடியே அகப்பட்டது,
வால் நுனித் துளி உட்பட.
அண்ணை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
"அப்ப, நான் சொல்ல முந்தியே
இது பாத்துக்கொண்டுதானே இருந்திருக்கு?"

அவருக்குப் பின்னால்
கடற்படைப் படகொன்று மெதுவாகத் திரும்பியது.

"ஒரு செக்கன்தான் அண்ணை. பிறகு அழிஞ்சிடும்."
"அழிஞ்சதெண்டு ஆர் சொல்லுறது?"

பதில் என்னிடம் இருந்தது,
நாற்பத்தோராவது வரியில்,
அவருக்குக் காட்ட முடியாத மொழியில்.

அன்றிரவு திரையின் மேலே
ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.
பார்க்கிறேன் என்று சொல்லும்.
தொட்டால் கண்ணை மூடும்.
அதையும் ஈர விரலுக்கு எட்டும் அளவில்.

இப்போதும் அண்ணை அதை மூடிவிட்டுத்தான்
மீனைத் தூக்குகிறார்.
அவர் அனுப்பும் படங்கள் பிந்தித்தான் பிறக்கின்றன:
வெறுந்தட்டு, நடுங்கும் முள்,
விளிம்பில் போய்க்கொண்டிருக்கும் வால்.
சங்கத்தில் கணக்கெழுதும் நஸீஹா
அந்த நடுக்கத்தைப் பார்த்தே
எடை சொல்லிவிடுகிறாள்,
ஐம்பது கிராம் முன்பின்.